டம்ளரைக் கவிழ்த்தும் கொட்டாத தண்ணீர்: வகுப்பறையிலும் வங்கக் கடலிலும் காற்றழுத்தம்

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் சம்பா, தாளடி போட்டவர்களின் காதில் தினமும் விழுவது ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’. முதல் நாள் தாழ்வுப் பகுதி என்பார்கள். மறுநாள் அது தாழ்வு மண்டலமாகிவிடும். அதற்கடுத்த நாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். எது தாழ்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது, கடலுக்கு மேலே ஏதோ தாழ்ந்தால் திருத்துறைப்பூண்டியில் ஏன் வயல் மூழ்குகிறது என்பதையெல்லாம் சொல்ல, செய்தி வாசிக்கும் அரை நிமிடத்தில் இடம் இருக்காது.

விடையின் முதல் பாதி ஒரு டம்ளர் தண்ணீரிலும் ஓர் அட்டையிலும் இருக்கிறது. பள்ளிகளில் காலங்காலமாகச் செய்து காட்டும் சோதனைதான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பாதிதான் சரி. கூடவே செய்து காட்டும் மெழுகுவர்த்திச் சோதனைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதோ பெரும்பாலும் தப்பு. இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டால், கோடையில் போர்செட் மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்க மறுக்கிறது என்பதும் புயல் நேரத்தில் கடல் ஏன் உயர்கிறது என்பதும் அதே கணக்கில் வந்துவிடும்.

காற்றின் எடை

கடல்மட்டத்தை ஒட்டி ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர் காற்று இருக்கும். அதாவது ஏறத்தாழ 130 கிலோ. காலி அறை என்று நாம் சொல்கிற இடத்தில் ஒன்றரை நெல் மூட்டைக்கும் மேலான கனம் இருக்கிறது.

இந்தக் காற்று நம் தலைக்கு மேலே பல பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு இருக்கிறது, ஆனால் சீராக இல்லை. வைக்கோல் போரில் அடித்தட்டு நசுங்கி இறுகியும் மேல்தட்டு பொலபொலவென்றும் இருப்பதைப் போலத்தான்: மேலே உள்ள காற்றின் எடை கீழே உள்ளதை அழுத்துகிறது. மொத்தக் காற்றில் பாதி, முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் விசையை அந்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று சுமார் 1.03 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வானிலை அறிக்கைகளில் இதே அளவு 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வரும். பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்கள், இரண்டும் ஒரே அளவுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று, நீரைப் போலவே ஓடிப் பரவும் பொருள் (பாய்மம்) என்பதால் அது மேலிருந்து கீழே மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும் அழுத்துகிறது, கீழிருந்து மேலேயும் அழுத்துகிறது, எல்லாத் திசையிலும் ஒரே அளவில். நம் உடம்புக்குள் இருக்கும் காற்றும் நீரும் அதே அழுத்தத்தில் வெளியே தள்ளுவதால்தான் நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஒரு பக்கத்தின் அழுத்தம் மட்டும் குறையும்போதுதான் காற்று தன் வேலையைக் காட்டும்.

டம்ளர் சோதனை

1. வாய் சமமாக உள்ள கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

2. அதன் மேல் வழவழப்பான கெட்டி அட்டை ஒன்றை வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை இதற்குத் தோது. நோட்டுத்தாள் உடனே ஊறித் தொய்ந்துவிடும்.

3. அட்டையை உள்ளங்கையால் தாங்கியபடி டம்ளரைக் கவிழ்த்து, ஒரு வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு கையை மெதுவாக எடுங்கள்.

அட்டை விழாது. உற்றுப் பார்த்தால் அது கொஞ்சம் வளைந்திருப்பதும், விளிம்பைச் சுற்றி மெல்லிய நீர்க்கோடு ஒன்று பளபளப்பதும் தெரியும். அந்த நீர்க்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கணக்கைப் பார்ப்போம். டம்ளர் வாயின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் காற்று கீழிருந்து மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமம். டம்ளர் 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் 400 கிராம்கூட இல்லை. நாற்பது கிலோவுக்கு எதிரே நானூறு கிராம், ஆகவே தண்ணீர் விழவில்லை. பாடம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

பாதி டம்ளர் கேட்கும் கேள்வி

சூட்டிகையான பிள்ளை ஒன்று எழுந்து, “சார், பாதி டம்ளர் தண்ணீர் வைத்தாலும் நிற்குமா?” என்று கேட்டால் என்ன செய்வது? செய்து பார்த்தால் நிற்கும். இங்கேதான் வழக்கமான விளக்கம் நொண்டுகிறது. பாதி டம்ளரில் தண்ணீருக்கு மேலே காற்று இருக்கிறது. அந்தக் காற்றும் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே மாட்டிக்கொண்ட காற்று. கீழே தள்ளவும் நாற்பது கிலோ, மேலே தள்ளவும் நாற்பது கிலோ என்றால், தண்ணீரின் எடையைத் தாங்குவது யார்?

விடை அந்த நீர்க்கோட்டில் இருக்கிறது. கையை எடுத்ததும் தண்ணீரும் அட்டையும் துளியூண்டு கீழே இறங்குகின்றன. உள்ளே மாட்டிய காற்றுக்கு அந்த அளவு இடம் கூடுகிறது. மூடிய இடத்தில் உள்ள காற்றுக்கு இடம் கூடினால் அழுத்தம் குறையும். 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்க, உள்ளழுத்தம் சுமார் 5 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் போதும். அது ஆயிரத்தில் ஐந்து பங்குதான். 5 சென்டிமீட்டர் காற்று ஆயிரத்தில் ஐந்து பங்கு விரிவதென்றால் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியை நீரின் பரப்பு இழுவிசை மூடிக்கொள்கிறது, வெளிக்காற்று உள்ளே நுழைய வழியில்லை.

ஆகவே இந்தச் சோதனையில் வேலை செய்வது இரண்டு. தாங்குவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். அந்த வித்தியாசம் கரைந்துவிடாமல் காப்பது விளிம்பில் உள்ள நீர்ப்படலம். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்:

1. பிளாஸ்டிக் கப் ஒன்றின் அடியில் ஊசியால் துளை போட்டு, விரலால் அடைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அட்டை நிற்கும். விரலை எடுங்கள், அட்டையும் தண்ணீரும் அந்த நொடியே வாளியில் விழும். அட்டையில் எந்த மாற்றமும் இல்லை, தண்ணீரின் எடையும் கூடவில்லை. மேலே காற்று புகுந்து அழுத்த வித்தியாசம் போய்விட்டது, அவ்வளவுதான். நேரம் இல்லாத ஆசிரியர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் செய்து காட்டினால் போதும் என்பேன்.

2. டம்ளர் வாயில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி, அட்டையோடு கவிழ்த்து, பிறகு அட்டையைப் பக்கவாட்டில் உருவுங்கள். இத்தனை ஓட்டை இருந்தும் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு கண்ணியிலும் நீர்ப்படலம் பிடித்துக்கொள்கிறது. டம்ளரைச் சாய்த்தால் ஒரு பக்கம் காற்று புகுந்து மொத்தமும் கொட்டும்.

3. டம்ளருக்குப் பதிலாக ஒரு பக்கம் மூடிய ஒரு மீட்டர் பிவிசி குழாயை எடுத்தால், முழுக்க நிரப்பியபோது நிற்கும். பாதி நிரப்பினால் நிற்காது. அரை மீட்டர் தண்ணீரைத் தாங்க உள்காற்று இரண்டரை சென்டிமீட்டர் விரிந்தாக வேண்டும். அவ்வளவு இடைவெளியை எந்த நீர்ப்படலமும் மூடாது.

மெழுகுவர்த்தி: தப்பாகச் சொல்லப்படும் பாடம்

தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ‘ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அதனால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியது’ என்பது தலைமுறை தலைமுறையாக வரும் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தட்டைக் கவனித்துப் பார்த்தால் ஒத்துவராது.

1. ஆக்ஸிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏற வேண்டும். நடப்பது வேறு. சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் சட்டென்று ஏறுகிறது.

2. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். டம்ளர் அதேதான், அதிலுள்ள ஆக்ஸிஜனும் அதேதான்.

3. சுடர் முழு ஆக்ஸிஜனையும் தின்பதில்லை. காற்றில் 21 சதவீதமாக இருப்பது 16 சதவீதத்தை ஒட்டி இறங்கியதுமே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்த ஆக்ஸிஜனுக்கு ஈடாகக் கரியமில வாயு வேறு உண்டாகிறது. மெழுகு எரியும் கணக்கில், செலவாகும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்கு கன அளவுக்கு அது திரும்ப வந்துவிடும். எல்லாம் போக நிகரமாகக் குறைவது 2 சதவீதத்துக்கும் கீழேதான்.

உண்மையில் நடப்பது சூடும் குளிர்ச்சியும். டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. ஒரு பகுதி விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் துளியாகிறது. உள்ளழுத்தம் குறைகிறது. வெளியே தட்டிலுள்ள தண்ணீரைக் காற்று அழுத்தி உள்ளே தள்ளுகிறது.

சந்தேகம் இருந்தால் நெருப்பே இல்லாமல் செய்து பாருங்கள். வெந்நீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரைச் சூடு ஆறுவதற்குள் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து, மேலே ஈரத்துணியைப் போடுங்கள். எரிந்தது எதுவும் இல்லை, ஆனாலும் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும்.

காற்று எவ்வளவு உயரம் தள்ளும்?

காற்று தண்ணீரைத் தள்ளுகிறது என்றால் எதுவரை தள்ளும்? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.03 கிலோ என்றோம். அதே பரப்பில் 1.03 கிலோ எடையுள்ள தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர் உயரம் இருக்கும். அதுதான் எல்லை. குழாயின் மேல்முனையில் காற்றையே துளியும் இல்லாமல் எடுத்துவிட்டாலும் அதற்கு மேல் ஓர் அங்குலம் ஏறாது. இத்தாலியில் 17-ஆம் நூற்றாண்டில் கிணற்றுப் பம்புகள் இந்த உயரத்தில் வந்து தோற்றபோதுதான் இந்தக் கேள்வியே சூடுபிடித்தது. இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி தண்ணீரை விட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கொண்டு இதை மேசை மேல் காட்டும் அளவுக்குச் சுருக்கினார். 10.3 மீட்டர் தண்ணீருக்குப் பதில் 76 சென்டிமீட்டர் பாதரசம். அதுதான் முதல் காற்றழுத்தமானி. 1648-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே அதைப் பிரான்சில் ஒரு மலைமேல் தூக்கிச் சென்றபோது பாதரசம் இறங்கியது. மேலே போகப் போக நமக்கு மேல் மிஞ்சும் காற்று குறைகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. கொடைக்கானல் சுற்றுலாவில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் இதனால்தான்.

இதைத் தினமும் அனுபவிப்பவர் டெல்டா விவசாயி. இங்கே பல ஊர்களில் மணல் அடுக்கில் மேலாகவே தண்ணீர் கிடைப்பதால், ஃபில்டர் பாயிண்ட் (அடியில் வடிகட்டி உள்ள குழாய்) இறக்கி, தரைமட்டத்தில் மோட்டாரை வைத்துத் தண்ணீர் எடுக்கும் வழக்கம் வேரூன்றியது. இந்த மோட்டார் குழாயில் உள்ள தண்ணீரைப் பிடித்து மேலே இழுப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். அது செய்வது தன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும். நிலத்தடியில் இருக்கும் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுவது வெளிக்காற்று.

அதனால் வரும் விளைவுகள்:

1. ஏட்டில் எல்லை 10.3 மீட்டர் என்றாலும் நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே தகராறுதான். குழாயின் உராய்வு, மூட்டுகளில் கசிவு, தண்ணீர் தானே ஆவியாகும் அழுத்தம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் மட்டுமே நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடும்.

2. மேட்டூர் அணை மூடி, ஆற்றில் மணல் தெரிய ஆரம்பித்த பிறகு நிலத்தடி மட்டம் இறங்கும். அப்போது 5 ஹெச்பி மோட்டாரைக் கழற்றிவிட்டு 10 ஹெச்பி வைப்பது காசுக்குக் கேடு. தள்ளுவது காற்று. அதன் ஹெச்பியை யாரும் கூட்ட முடியாது. குழி வெட்டி மோட்டாரையே இரண்டு மீட்டர் கீழே இறக்கினால் தண்ணீர் வரும். மோட்டாருக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தைத்தானே குறைக்க வேண்டும்?

3. மோட்டார் போடுமுன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், சில இடங்களில் சாணியைக் கரைத்து ஊற்றுவதும் சடங்கு இல்லை. பம்புக்குள் காற்று இருந்தால் அதனால் போதிய அழுத்த வித்தியாசத்தை உண்டாக்க முடியாது. தண்ணீர் அந்தக் காற்றை வெளியேற்றுகிறது, சாணி நுண்ணிய கசிவுகளை அடைக்கிறது. டம்ளர் விளிம்பில் நீர்ப்படலம் செய்த வேலை. குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வு கசிந்தால் ஊசித்துளையிலிருந்து விரலை எடுத்த கதைதான்.

4. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இந்த எல்லை கிடையாது. அது தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு கீழிருந்து தள்ளுகிறது. தெருமுனைகளில் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பும் அப்படித்தான். அதன் உருளை ஆழத்தில் தண்ணீருக்குள் இருக்கிறது.

வங்கக் கடலில் தாழ்வது என்ன?

இப்போது தாழ்வுப் பகுதிக்கு வரலாம். வெதுவெதுப்பான கடலின் மேலே ஈரக்காற்று மேலெழும். மேலே போனதும் குளிர்ந்து, நீராவி மழைத்துளியாகும். அப்படி ஆகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்தக் காற்றுத் தூண் முழுவதும் சூடாகி, உச்சியில் காற்று பக்கவாட்டில் வழிந்தோடும். தூணில் மொத்தக் காற்று குறைந்தால் அடியில் எடை குறையும். தாழ்வது அதுதான், கடல்மட்டத்தில் காற்று அழுத்தும் அளவு. சுற்றிலும் உள்ள காற்று அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கித் தள்ளப்படும். அது தன்னோடு ஈரத்தைக் கொண்டு வந்து அங்கே மேலெழுந்து மழையாகும்.

பூமி சுழல்வதால் நம் அரைக்கோளத்தில் இந்தக் காற்று நேராக மையத்துக்குப் போகாமல் வலப்பக்கம் விலகி, மையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கும் வீசுவது இதனால்தான்.

செய்தியில் மாறி மாறி வரும் பெயர்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் நீடித்த வேகத்தை வைத்துப் பிரிக்கிறது:

1. தாழ்வுப் பகுதி: மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழ்.
2. தாழ்வு மண்டலம்: 31 முதல் 49 வரை.
3. ஆழ்ந்த தாழ்வு மண்டலம்: 50 முதல் 61 வரை.
4. புயல்: 62 முதல் 88 வரை. இதற்கு மேல் தீவிரப் புயல், அப்புறம் இன்னும் பல படிகள்.

இந்தப் பட்டியல் மழையின் அளவைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் தாழ்வுப் பகுதிதானே என்று இருந்துவிட முடியாது. நகராமல் ஒரே இடத்தில் நின்று பெய்யும் தாழ்வுப் பகுதி, வேகமாகக் கடந்துபோகும் புயலைவிட வயலுக்கு அதிகக் கெடுதல் செய்யலாம்.

புயலின் மையத்தில்கூட அழுத்தம் சில பத்து ஹெக்டோபாஸ்கல்தான் குறையும். ஆயிரத்தில் முப்பது, நாற்பது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த வேகம் அந்த அளவு வித்தியாசத்திலிருந்து பிறந்ததுதான்.

கடல் உயர்வதற்கும் தட்டிலிருந்து டம்ளருக்குள் தண்ணீர் ஏறுவதற்கும் காரணம் ஒன்றே. அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் உயரும். கணக்கும் எளிது: ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். மையத்தில் 30 குறைந்தால் 30 சென்டிமீட்டர். புயல் அலையில் இது சிறு பங்குதான், பெரும்பங்கு கரையை நோக்கி நீரைக் குவிக்கும் காற்றினுடையது. ஆனால் கடைமடையில் நிலம் கடலைவிட அதிகம் உயரமில்லை. வடிகால் ஆறுகள் கடலில் கொட்டும் முகத்துவாரத்தில் கடல்மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் வயலில் நிற்கும் மழைநீர் வடிய மறுக்கும். சாதாரணத் தாழ்வுப் பகுதியில் அழுத்தக் குறைவால் கடல் ஏறுவது சில சென்டிமீட்டர்தான். அப்போது வயல் மூழ்கினால் பழியை மழை மீதும், கடலோரக் காற்றின் மீதும், தூர்ந்த வாய்க்கால்கள் மீதும்தான் போட வேண்டும், அழுத்தத்தின் மீது அல்ல.

கைபேசியில் பார்ப்பவர்களுக்கு

சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கிறது. புயல் நாட்களில் அதைத் திறந்து பார்த்துப் பதறுபவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, உயரம். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 ஹெக்டோபாஸ்கல் குறையும். தஞ்சாவூர் ஐம்பது, அறுபது மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதே வானிலையில் நாகப்பட்டினத்தைவிட ஆறேழு குறைவாகத்தான் காட்டும். வானிலை மையங்கள் இதைக் கடல்மட்டத்துக்குச் சரிசெய்துதான் வெளியிடுகின்றன. கைபேசி பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி காட்டும்.

இரண்டாவது, நேரம். நம் ஊர்களில் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அழுத்தம் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணியை ஒட்டி உச்சம், மாலை நான்கு, அதிகாலை நான்கை ஒட்டித் தாழ்வு. பகலில் மட்டும் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்குவது சகஜம். ஆகவே காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டுப் பயனில்லை. நேற்று மாலை நான்கு மணிக்கு என்ன காட்டியது, இன்று அதே நேரம் அதே இடத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வித்தியாசம் நான்கைந்தைத் தாண்டி, மணிக்கு மணி இறங்கிக்கொண்டே போனால்தான் கடலில் இருப்பது நம் பக்கம் நெருங்குகிறது என்று பொருள்.